பல்லாவரத்துக் கல்லும் கோட்டை ஆலயத்து ஞானஸ்நானத் தொட்டியும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையினுள் அமைந்த புனித மரியாள் ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி, பல்லாவரத்துக் கருங்கல்லில் செய்யப்பட்டது. கல்கத்தாவின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஜாப் சார்நாக்கின் மகளிர் மூவர் அங்கு ஞானஸ்நானம் பெற்ற செய்தியை ஒட்டியே இத்தொட்டி இதுவரை பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அதனை இங்கிலாந்தின் இடைக்காலக் கல்தொட்டி மரபு, 17ஆம் நூற்றாண்டுச் சென்னையில் குழந்தைகளின் சமயம் குறித்து எழுந்த பூசல், தமிழகத்துக் கல்வேலை மரபு ஆகிய மூன்றின் பின்னணியில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஞானஸ்நானத் தொட்டி, புனித மரியாள் ஆலயம், சார்னோகைட், பல்லாவரம், கிழக்கிந்தியக் கம்பெனி

தொட்டியும் சொல்லும்

கிறித்தவ ஆலயத்தில் பீடத்திற்கு அடுத்த நிலையில் கட்டாயமாக இடம்பெறும் பொருள் ஞானஸ்நானத் தொட்டியாகும். சமயத்துள் நுழைவோரின் மீது நீரூற்றவோ அவர்களை நீரில் அமிழ்த்தவோ அது பயன்படுகிறது. தமிழில் இதற்கு ஒரே பெயர் வழங்கவில்லை. சீர்திருத்தத் திருச்சபையார் ‘ஞானஸ்நானத் தொட்டி’ என்பர். கத்தோலிக்கர் இன்று ‘திருமுழுக்குத் தொட்டி’ என்கின்றனர். கேரளத்துச் சிரியக் கிறித்தவர் சிரியச் சொல்லின் வழிவந்த ‘மாமோதீசா’ என்பதை முன்னொட்டாக வைத்து வழங்குவர். மூன்றிலும் மாறாது நிற்பது ‘தொட்டி’ என்னும் சொல்லே. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டிக்கும் கோயில் திருச்சுற்றில் கிடக்கும் கல்தொட்டிக்கும் வழங்கும் அதே சொல் இச்சடங்குப் பொருளுக்கும் தடையின்றிப் பொருந்தியது. ‘ஸ்நானம்’ என்பதை மாற்றி ‘முழுக்கு’ எனத் தமிழாக்கியவர்களும் தொட்டியைத் தொடவில்லை என்பது கருதத்தக்கது.

சொல் எளிதாகப் பொருந்தியதாலேயே பொருளின் தனித்தன்மை நம் ஆய்வாளர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஆலயக் கட்டடக்கலை பற்றிய தமிழ்க் கட்டுரைகள் கோபுரம், பலகணி, கல்லறை வாசகம் ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. தொட்டி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் கல்தொட்டிகள்

கோட்டை ஆலயத்துத் தொட்டி எந்த மரபின் வழித்தோன்றல் என்பதை அறிய, இங்கிலாந்தின் சிற்றூர் ஆலயங்களை முதலில் நோக்குதல் வேண்டும். அங்குப் பல ஊர்களில் ஆலயக் கட்டடத்தைவிடத் தொட்டி பழமையானது. சுவர்கள் இடிக்கப்பட்டும் விரிக்கப்பட்டும் மாறின; 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர் ஆட்சியில் செதுக்கப்பட்ட தொட்டி அவ்விடத்திலேயே நின்றது. அத்தொட்டியில் ஊரார் தலைமுறை தலைமுறையாக நீராட்டப்பட்டிருந்தமையால் அதனை அகற்ற மனம் ஒப்பவில்லை போலும்.

இத்தொட்டிகளுட் பெரும்பாலானவை அவ்வவ் வட்டாரத்துக் கல்லில் ஆனவை. சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் மென்மையானவை. ஆதலின் உருவங்களை ஆழமாகச் செதுக்க இடங்கொடுத்தன. ஹியர்ஃபோர்டு வட்டாரத்தில் ஈயர்டிஸ்லி, காசில் ஃப்ரோம் ஆகிய சிற்றூர்களின் தொட்டிகளில் பின்னிப் பிணைந்த கொடிகளும் மனிதரும் விலங்குகளும் நெருங்கி நிறைந்துள்ளமை இதனாற் கைகூடியது. மற்றொரு வகை, தொலைவிலிருந்து தருவிக்கப்பட்ட கரிய கல்லில் ஆனது. இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்த கருநிறச் சுண்ணாம்புக்கல் தொட்டிகள் வின்செஸ்டர், லிங்கன் பேராலயங்களிலும் ஈஸ்ட் மியான் போன்ற சிற்றூர்களிலும் உள்ளன. மெருகேறிய கருங்கல் தொட்டி செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது என்பதற்கு இவை சான்றாகும்.

நீர் தங்கும் பொருளாகையால் கல்லின் இயல்பு சடங்கையும் பாதித்தது. சுண்ணாம்புக்கல் நீரை உறிஞ்சும். எனவே தொட்டியின் உட்குழிவில் ஈயத்தகடு பதிப்பது வழக்கமாயிற்று. மந்திரிக்கப்பட்ட நீரை நாள்தோறும் மாற்றாமல் தேக்கி வைத்திருந்தனர். அந்நீரைத் திருடிச் சூனிய வினைகளுக்குப் பயன்படுத்துவோர் உண்டென்ற அச்சம் பரவவே, தொட்டிகளுக்கு மூடியும் பூட்டும் இடவேண்டும் என்று காண்டர்பரிப் பேராயர் எட்மண்டின் பெயரால் 1236ஐ ஒட்டி வழங்கும் விதிகள் கட்டளையிட்டன. விளிம்பில் இரும்புக் கொளுவி பதித்த துளைகளும் அவற்றைப் பெயர்த்தபோது உடைந்த சில்லுகளும் பல தொட்டிகளில் இன்றும் காணக்கூடியவை. பயன்படுத்திய நீர் தெருவிலோ சாக்கடையிலோ சேராது தூய நிலத்துள் இறங்கும்படி அடியில் வடிதுளை அமைத்தனர். கருவறைத் திருமஞ்சன நீர் கோமுகை வழியே இறங்குவதை அறிந்த நம்மவர்க்கு இவ்வேற்பாடு புதுமையாகத் தோன்றாது. ஆயினும் நோக்கம் வேறு: நம்மிடம் அந்நீர் அடியார் ஏந்திக் கொள்வதற்குரியது, அங்கு அது பிறர் கைப்படாமல் மறைய வேண்டியது.

செதுக்கியவரின் பெயர் தெரிவது அரிது. கம்பர்லாந்தின் பிரைட்கெர்க் ஊரிலுள்ள 12ஆம் நூற்றாண்டுத் தொட்டியில் ரூனிக் எழுத்தில் ரிச்சர்டு என்ற பெயரும், உளியும் சுத்தியலுமாக வேலை செய்யும் ஒருவரின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளன. அது விதிவிலக்கு. 15ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆங்கிலியாவில் ஏழு அருட்சாதனங்களையும் பக்கத்திற்கு ஒன்றாகச் செதுக்கிய எண்கோணத் தொட்டிகள் பரவின. எட்டாம் பக்கத்தில் இயேசுவின் ஞானஸ்நானமோ சிலுவைக் காட்சியோ இடம்பெறும்.

விலக்கமும் மீட்சியும்

சென்னைத் தொட்டியைப் புரிந்துகொள்ள இடைக்காலத்தை மட்டும் அறிதல் போதாது. இடையில் ஒரு முறிவு நேர்ந்தது. 1604ஆம் ஆண்டின் திருச்சபை விதிகளுள் 81ஆவது, ஞானஸ்நானம் வழங்கப்படும் ஒவ்வோர் ஆலயத்திலும் கல்லாலான தொட்டி, பழைய வழக்கப்படியான இடத்தில் இருத்தல் வேண்டும் என்று வலியுறுத்தியது. கிண்ணத்தை வைத்துச் சடங்கை முடிக்கும் தூய்மைவாதிகளின் போக்கை எதிர்த்து எழுந்த விதி அது. உள்நாட்டுப் போரின்போது நிலைமை தலைகீழாயிற்று. 1645இல் நாடாளுமன்றம் நடைமுறைப்படுத்திய வழிபாட்டு நெறிநூல், போப்பாட்சிக் காலத்தில் தொட்டிகள் நின்ற இடத்தில் ஞானஸ்நானம் வழங்கலாகாது என விலக்கியது. தொட்டிகள் பல பெயர்த்தெறியப்பட்டன. சில மாட்டுத் தொட்டிகளாயின. 1660இல் மன்னராட்சி மீண்டபின் பழைய தொட்டிகள் திரும்பக் கொணரப்பட்டன. இயலாத இடங்களிற் புதியவை செய்யப்பட்டன.

ஆகவே 1670களிலும் 1680களிலும் ஆங்கிலேயர் ஒருவர் ஆலயத்தில் கல்தொட்டி நிறுவுவது வெறும் தளவாட ஏற்பாடு அன்று. அது ‘நாங்கள் கிண்ணக் கட்சியினர் அல்லர்’ என்ற அறிவிப்பு.

இதனோடு மற்றொரு செய்தியும் சேர்கிறது. 1662இல் திருத்தி வெளியிடப்பட்ட இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் செபநூலில், வயது வந்தோர்க்கு ஞானஸ்நானம் வழங்கும் முறை முதன்முறையாக இணைக்கப்பட்டது. அதற்கு முன்னுரை கூறும் காரணங்கள் இரண்டு. உள்நாட்டுக் குழப்பக் காலத்தில் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெறாது வளர்ந்தவர்கள் மிக்கிருந்தமை ஒன்று. கடல்கடந்த குடியேற்றங்களிலுள்ள சுதேசிகளுக்கும் இம்முறை பயன்படும் என்பது மற்றொன்று. செபநூலைத் தொகுத்தோரின் மனத்தில் நம் கடற்கரையைப் போன்ற இடங்களும் இருந்தன.

குழந்தை எவருக்குரியது

சென்னையில் ஆங்கிலேயர் குடியேறியது 1639–40இல். நாற்பது ஆண்டுகள் அவர்கட்குத் தனி ஆலயம் இல்லை. கோட்டைக்குள் ஓர் அறையே வழிபாட்டிடமாகப் பயன்பட்டது. ஆனால் கத்தோலிக்கருக்கு இருந்தது. 1642இல் சென்னைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பூச்சின் துறவி நெவேர் நகர் எஃப்ரேம் அவர்கள் கோட்டைப் பகுதியிலேயே பணியாற்றினார். கம்பெனிப் படைவீரர் பலர் போர்ச்சுகீசிய மரபினரும் கலப்பினத்தாருமான கத்தோலிக்கப் பெண்களை மணந்தனர். தாயின் சமயப்படி குழந்தைகள் கப்பூச்சின் துறவிகளிடம் கொண்டுசெல்லப்பட்டன. இலண்டனிலிருந்த இயக்குநர்களை இது உறுத்தியது. தம் படைவீரனின் மகன் போப்பின் மகனாக வளர்வதை அவர்கள் அரசியல் இழப்பாகவே கண்டனர்.

ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் இதனை மாற்ற முனைந்தார். கம்பெனியின் பணத்தை எதிர்பாராது, கோட்டையிலிருந்தோர் அளித்த நன்கொடையால் ஆலயம் எழுப்பப்பட்டது. மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளாகிய மார்ச் 25ஆம் நாள், 1678இல் பணி தொடங்கியமையால் ஆலயம் அவர் பெயர் பெற்றது. 1680 அக்டோபர் 28இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அப்போதைய குரு ரிச்சர்டு போர்ட்மன். அதே 1680இல்தான், சீர்திருத்தச் சமயத்தார் கத்தோலிக்கரை மணக்கையில் பிறக்கும் குழந்தைகளைச் சீர்திருத்தச் சமயத்திலேயே வளர்ப்பதாக இருவரும் உறுதியளிக்க வேண்டும் என்று கோட்டை மன்றம் முடிவு செய்தது. ஆலயமும் இம்முடிவும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை என்பதைத் தனித்தனியே படிப்போர் கவனிப்பதில்லை. சேர்த்துப் படித்தால், அவ்வாலயத்துள் அரசியல் கனம் மிகுந்த பொருள் பீடம் அன்று, தொட்டியே என்பது விளங்கும்.

இதற்கு வெளிப்படையான சான்று 1687இல் கிடைக்கிறது. படைவீரர் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கலாம் என்றும், அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தை ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் அளிக்கலாம் என்றும் இயக்குநர்கள் அவ்வாண்டு ஏப்ரலில் சென்னைக்கு எழுதினர். பிறந்த நாளில் அன்று, ஞானஸ்நான நாளில் என்பதே இங்குக் கவனித்தற்குரியது. தொட்டியின் விளிம்பில் வைத்தே வராகன் எண்ணப்பட்டது என்று சொன்னால் அது உருவகம். ஆனால் கணக்கு அப்படித்தான் அமைந்தது.

கப்பூச்சின் துறவிகளின் நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் நகரம் ஆங்கிலேயர் கைக்கு மீண்டபின், கோட்டைப் பகுதியிலிருந்த கத்தோலிக்க ஆலயம் இடிக்கப்பட்டது. எஞ்சியது மரியாள் ஆலயமும் அதன் தொட்டியும்.

சார்நாக்கின் மகளிர்

1689 ஆகஸ்டு 19இல் மேரி, எலிசபெத், கேத்தரின் ஆகிய மூவர்க்கு இவ்வாலயத்தில் ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. தந்தை ஜாப் சார்நாக். முகலாயருடன் ஏற்பட்ட போரால் வங்காளத்தைவிட்டு நீங்கிய ஆங்கிலேயருடன் அவர் அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்தார். எலிஹு யேல் அப்போது ஆளுநர். மறு ஆண்டு ஆகஸ்டு 24இல் சார்நாக் ஹூக்ளிக் கரையில் சுதாநுட்டியில் மீண்டும் இறங்கினார். அந்நாளே நெடுங்காலம் கல்கத்தாவின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்டது. 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சார்நாக்கை நகரின் நிறுவனராகக் கொள்ள இயலாது எனத் தீர்ப்பளித்தது தனிக்கதை.

சிறுமியரின் தாய் இந்தியப் பெண். உடன்கட்டை ஏற இருந்தவரைச் சார்நாக் மீட்டு வாழ்ந்தார் என்ற கதையைப் பின்னாளில் அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதிப் பரப்பினார். அதனை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. நமக்கு முக்கியமானது வேறு. மூவரும் வங்காள–பீகார்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள். பிறந்த சில நாட்களிலன்றி வளர்ந்த பின்னரே தொட்டியை அடைந்தவர்கள். அவர்கள் பிறந்த நாளிலிருந்து அதுவரை கம்பெனிச் சமுதாயத்தில் அவர்களுக்கு இருந்த இடம் ஐயத்திற்குரியதாகவே இருந்திருக்க வேண்டும். அன்றைய சடங்குக்குப் பின் நிலை மாறியது. மேரி, கம்பெனியின் வங்காள அதிகாரி சார்லஸ் அயரை மணந்தார். தங்கையர் இருவரும் ஆங்கிலேயரையே மணந்தனர். 1687ஆம் ஆண்டுக் கடிதம் படைவீரனின் குழந்தைக்கு ஒரு வராகன் விலை வைத்தது. சார்நாக்கின் மகளிர்க்கோ அதே நீர் கம்பெனி அதிகாரிகளின் இல்லங்களுக்குள் வழி திறந்தது. அதற்கும் கீழே நின்று, ஒரு வராகனுக்காகத் தொட்டிக்கு வந்த தாய்மாரின் பக்கத்திலிருந்து இவ்வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

கல்லின் பெயர்

சார்நாக் 1693 சனவரியில் இறந்தார். மருமகன் அயர் கல்கத்தாவில் எழுப்பிய கல்லறை மாடம், இன்றைய புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லறைப் பலகையை ஆராய்ந்தார். வங்காள வண்டல் சமவெளியில் அத்தகைய கல் கிடையாது. அது சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் பாறையை ஒத்திருந்தது. 1893இல் வெளியிட்ட கட்டுரையில் அவ்வகைப் பாறைக்குச் சார்நாக்கின் பெயரால் ‘சார்னோகைட்’ எனப் பெயரிட்டார். 1900இல் விரிவான நூலும் எழுதினார். இன்று அண்டார்க்டிகாவிலும் நார்வேயிலும் கிடைக்கும் பாறைக்கும் அப்பெயரே வழங்குகிறது. பரங்கிமலைப் பகுதியின் சார்னோகைட் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

இங்கு ஒரு வியப்பு உண்டு. தந்தையின் கல்லறைப் பலகையும் மகளிர் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியும் ஒரே குன்றுத்தொடரின் கல். 1689இல் அக்கல்லுக்கு அறிவியல் உலகில் பெயரில்லை; பின்னர்ப் பெயர் வந்தபோது அது அத்தந்தையின் பெயராயிற்று. அவர் அக்கல்லை வெட்டியவரும் அல்லர், ஆராய்ந்தவரும் அல்லர். அதன் கீழே கிடந்தவர் மட்டுமே. அம்மகளிரின் தாயின் இயற்பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பல்லாவரத்துக் கல் வரலாற்றுக்கு அப்போதுதான் அறிமுகமானது என்று எண்ணுதல் தவறு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அதே குன்றில் குடைவரை அமைத்துத் தன் விருதுப்பெயர்களை அதன் மீது பொறித்தான். பின்னாளில் அக்குடைவரை முசுலிம்களின் தர்காவாயிற்று. கோட்டை ஆலயத்தின் தொட்டி செதுக்கப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கல்லின் கடுமையைக் கண்டு, அதற்கேற்ற உளிமுனையும் கைப்பக்குவமும் அறிந்த கல்தச்சர் மரபு இங்கிருந்தது.

கடுமை என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமாகிய கால்சைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவையில் 3. சார்னோகைட்டிலுள்ள பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. இவற்றோடு ஹைபர்ஸ்தீன் என்னும் கனிமம் இருப்பதே இப்பாறையின் அடையாளம். பூமியின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நீர்த்தன்மை குன்றிய நிலையில் உருவானதால் பாறை இறுகி, நுண்துளை அற்றதாக உள்ளது. அதனால் இரு விளைவுகள்: ஹியர்ஃபோர்டுச் சிற்பியைப் போல நுண்கொடிகளை நெருக்கமாகச் செதுக்குவது பெரும்பாடு, ஆனால் நீர் கசியாது. இங்கிலாந்துத் தொட்டிக்குத் தேவைப்பட்ட ஈயத்தகடு இக்கல்லுக்குத் தேவையில்லை. மெருகிட்டால் வரும் கருமையோ, தூர்னேயிலிருந்து பெரும்பொருட் செலவில் கப்பலேற்றிக் கொணர்ந்த கருங்கல்லை நிகர்த்தது. இங்கு அது கோட்டையிலிருந்து ஒருநாள் வண்டிப் பயணத்தில் கிடைத்தது. 81ஆவது விதி கேட்ட ‘கல்’ எளிதில் நிறைவேறியதற்கு ஆங்கிலேயரின் பக்தியைவிடப் பல்லாவரத்தின் நிலவியலும் உள்ளூர்க் கல்தச்சரின் திறனும் காரணம் என்பது எம் கருத்து.

தொட்டியும் கிண்ணமும்: மதுரைப் பக்கம்

தமிழகத்தில் சீர்திருத்தக் கிறித்தவம் முழுவதும் இந்தத் தொட்டி மரபின் வழிவந்தது அன்று. மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், இங்கிலாந்தின் தூய்மைவாதிகளின் வழிவந்த சபைமுறைத் திருச்சபையாரால் அமைந்தது. 1881இல் பசுமலையில் தோன்றி, பின்னர் வைகையின் வடகரையில் தல்லாகுளத்தை ஒட்டி நிலைபெற்ற அமெரிக்கன் கல்லூரி அவர்களின் பணி. 1645இல் கல்தொட்டியை விலக்கியோரின் ஆன்மிக வாரிசுகளாகையால், ஞானஸ்நானத்திற்குக் கிண்ணமே அவர்கள் மரபுக்கு உரியது. மதுரையைச் சூழ்ந்த மேற்கு மலைகளில், குறிப்பாகக் கொடைக்கானல் மலைத்தொகுதியில், சார்னோகைட் பெருமளவில் உண்டு. நிலவியலார் இப்பரப்பை ‘மதுரைப் பாறைத் தொகுதி’ என்றே வழங்குவர். கல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் கல்தொட்டி இவர்களுக்குத் தேவைப்படவில்லை. இதனால், கல்லின் இருப்பு தொட்டியைச் சாத்தியமாக்குமேயன்றித் தோற்றுவிக்காது என்பது பெறப்படும்.

1947 செப்டம்பர் 27இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கல்தொட்டி மரபினரான ஆங்கிலிக்கரும் கிண்ண மரபினரான சபைமுறையாரும் ஒரே அமைப்பினுள் வந்தனர். மதுரை, திருநெல்வேலி, சென்னைத் திருமண்டலங்களின் பழைய ஆலயங்களில் எங்குக் கல்தொட்டி உள்ளது, எங்கு மரத்தாங்கியில் கிண்ணம் உள்ளது, 1947க்குப் பின் எங்கு ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்தது என்பதைக் கள ஆய்வால் வரைபடமாக்கினால், ஏட்டளவில் நிகழ்ந்த இணைப்பு வழிபாட்டில் எவ்வளவு தூரம் நிகழ்ந்தது என்பதை அளந்தறியலாம்.

அத்தகைய கள ஆய்வு செய்வோர் ‘கருங்கல்’ அல்லது ‘கிரானைட்’ என்று மட்டும் குறித்து நிறுத்தாமல், கல்லின் வகை, கிடைத்த குன்று, உட்குழிவில் உலோகத்தகடு உண்டா, வடிதுளை எங்கு முடிகிறது, விளிம்பில் பூட்டின் தடம் உண்டா, வாயிலிலிருந்து எத்தனை அடி ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டையும் தொட்டியின் பக்கத்தில் வைத்தே படித்தல் வேண்டும்; குறிப்பாகத் தாயின் பெயருக்கு விடப்பட்ட கட்டத்தை.